தறித்தெருவின் மௌனச் சந்தா

பள்ளிபாளையத்தில் காவிரிக்கரையை ஒட்டிப் போகும் பாவடித் தெருவில் யாரும் யாரிடமும் மெதுவாகப் பேசியதில்லை. வீட்டுக்கு முன்னால் விசைத்தறி, வீட்டுக்குப் பின்னால் விசைத்தறி, மாடியில் விசைத்தறி, மாடிப்படிக்கு அடியில் மிச்சமிருந்த மூலையில் குச்சியில் நூலைத் தாராகச் சுற்றும் மிஷின் என்று எல்லாம் பகல் ராத்திரி பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தன, அதனால் பெண் பார்க்க வந்தவர்கள் கத்தித்தான் பேசினார்கள், துக்கம் கேட்க வந்தவர்கள் கத்தித்தான் அழுதார்கள், பக்கத்தில் படுத்திருக்கும் பெண்டாட்டியைக் கொஞ்சுகிறவனும் கொஞ்சம் கத்தித்தான் கொஞ்சவேண்டியிருந்தது. வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் போன இடத்தில் சண்டைக்காரி என்று பேர் வாங்கினார்கள். வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்கள் முதல் மாசம் காதைப் பொத்திக்கொண்டார்கள், அடுத்த மாசம் தலையைப் பிடித்துக்கொண்டார்கள், அதற்கடுத்த மாசத்திலிருந்து அவர்களும் கத்தினார்கள்.

இப்படி இருந்த தெருவுக்கு ஒருநாள் சுகாதார நிலையத்து டாக்டரம்மா வந்து, மகளிர் குழுக் கட்டடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டுக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது, மீதிப் பேருக்குத் தூக்கம் வரவில்லை, குழுத் தலைவி தவமணிக்கு இரண்டும் இருந்தன. அவளுக்கு வந்த அளவைப் பார்த்த டாக்டரம்மா பட்டையைக் கழற்றித் தன் கையிலேயே கட்டிப் பார்த்து, மிஷின் சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பெருமூச்சு விட்டார். மாத்திரை நான் தருகிறேன், ஆனால் மாத்திரை மட்டும் போதாது, தினமும் கொஞ்ச நேரம் யோகாவோ தியானமோ ஏதாவது செய்யுங்கள், இவ்வளவு பெரிய டிவியைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறீர்களே, அதில் நல்லதாக ஒரு ஆப் பார்த்துச் சந்தா கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லதாக ஒரு ஆப் என்று சொன்னாரே தவிர எது நல்லது என்று சொல்லவில்லை. அது மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டமான காரியமாக இருந்தது, மாப்பிள்ளையென்றால் அவன் ஊருக்குப் போய் டீக்கடையில் நாலு பேரிடம் விசாரிக்கலாம், ஆப்புக்கு எந்த ஊரில் போய் யாரிடம் விசாரிப்பது. பெங்களூரில் மகன் வேலை பார்க்கும் சுலோச்சனா, மகன் வீட்டில் பார்த்த 'நீல அலை யோகா'தான் வேண்டும் என்றாள், அதில் உடம்பு வில்லாக வளையும் என்றாள். எந்தக் கோயிலில் தேர் என்றாலும் முதல் பஸ்ஸில் ஏறிவிடும் ராஜாமணி, உடம்பை வளைத்து என்ன கிடைக்கப் போகிறது, மனசு வளையவேண்டும், அதற்குத் 'திருவருள் தாரை'தான் என்றாள். இரண்டு பேருக்கும் கட்சி சேர்ந்தது. கடைசியில் தவமணி, எந்த ஆப்பானாலும் முதலில் சில நாள் இலவசமாகப் பார்க்கக் கொடுக்கிறார்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம், அப்புறம் கை தூக்கி முடிவு பண்ணுவோம் என்று தீர்ப்புச் சொன்னாள்.

நீல அலையில் ஒரு கட்டுமஸ்தான வாலிபன் சட்டையில்லாமல் கடற்கரையில் நின்று இங்கிலீஷில் பேசினான், கீழே தமிழில் எழுத்து ஓடியது. இப்போது உங்கள் கீழ்நோக்கிய நாயைக் கண்டுபிடியுங்கள் என்று எழுத்து வந்தபோது, அது குனிந்து நிற்கிற ஒரு ஆசனத்தின் பேர் என்று தெரியாமல், பின்வரிசைப் பெண்கள் எழுந்து வாசலைப் பார்த்தார்கள், அங்கே நிஜமாகவே ஒரு நாய் படுத்திருந்தது, அது மேல்நோக்கியும் பார்க்கவில்லை, கீழ்நோக்கியும் பார்க்கவில்லை. உங்கள் உட்காரும் எலும்புகளை வேரூன்றுங்கள் என்று வந்தது. உங்கள் இதயத்தை வானத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று வந்தபோது தவமணி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, டாக்டரம்மா அவ்வளவு தூரத்துக்குச் சொல்லவில்லையே என்றாள். எல்லாரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததில் அன்றைய உடற்பயிற்சி முடிந்தது, ஆனாலும் சுலோச்சனாவின் முழங்கால் வலி குறைந்ததை யாரும் மறுக்கவில்லை.

திருவருள் தாரையில் ஒரு சாமியார் தங்க நாற்காலியில் உட்கார்ந்து கதை சொன்னார். கதை நன்றாக இருந்தது. கதை நன்றாகப் போகும்போதெல்லாம் மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம் வந்தது, காட்டில் வழி தவறிய ராஜகுமாரன் புலிக்கு எதிரே நிற்கும்போது தைலம் வந்தது, புலி வாயைத் திறக்கும்போது தைலம் வந்தது, புலிக்கும் தைலம் தடவினார்களோ என்னவோ, திரும்பிப் பார்த்தால் சாமியார் வேறு கதைக்குப் போயிருந்தார்.

அப்படி ஒரு விளம்பரத்தின்போதுதான் தவமணி தண்ணீர் குடிக்க எழுந்து போகையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாந்தாமணியின் கையில் ரிமோட்டைக் கொடுத்து, இந்தத் தைலத்தை நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாந்தாமணி துண்டுகளுக்கு ஓரம் மடித்துத் தைக்கிறவள், புருஷன் அர்த்தனாரி அதே தெருவில் கண்டியப்பனின் தறிக்கூடத்தில் தறி ஓட்டுகிறவன். குழுவில் எதைக் கேட்டாலும் "எதுவா இருந்தாலும் சரிங்க" என்று சொல்கிறவள் அவள், சேலைக்கு நிறம் கேட்டாலும் அதுதான், சுற்றுலாவுக்கு ஊர் கேட்டாலும் அதுதான், ஆசை என்ற ஒன்றை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்தவள் மாதிரி. ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல் அவள் ஒன்றை அழுத்தினாள், சாமியார் போனார், தைலம் போனது, 'சும்மா' என்று வெள்ளை எழுத்தில் ஒரு பேர் வந்தது, அதற்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் கோரைப்பாய் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு நடுவயசு அம்மாள் வந்தாள்.

அந்த அம்மாள், "உக்காருங்க, கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். கடல் இல்லை, புல்லாங்குழல் இல்லை. நெட் நின்று படம் உறைந்துவிட்டது என்று நினைத்து சுலோச்சனா எழுந்து போய் டிவியின் பக்கவாட்டில் தட்டினாள், அப்போது டிவியின் கீழ்விளிம்பிலிருந்து மௌனம் கசிய ஆரம்பித்தது.

அது சுவரோடு ஒரு கோடாக இறங்கித் தரையைத் தொட்டு, கழுவிவிட்ட தண்ணீர் போலப் பரவி, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்த தவமணியின் கால் கட்டைவிரலைத் தொட்டது. மண்பானையின் அடிப்பக்கத்தைத் தொட்ட மாதிரி இருந்தது என்று அவள் பிற்பாடு சொன்னாள். பெண்கள் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்கள். அது வாசற்படியில் இறங்கி, தெரு எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கமாக ஓடி, ஒவ்வொரு தறிக்கூடத்தின் வாசலிலும் செருப்பைக் கழற்றுகிற விருந்தாளி போலச் சற்று நின்று, பிறகு உள்ளே போனது. அது போன இடத்திலெல்லாம் தறி ஓடிக்கொண்டே இருந்தது, குறுக்கு நூலைச் சுமந்த நாடா பறந்துகொண்டே இருந்தது, துணி சுருண்டுகொண்டே இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. நகராட்சிக் குழாய் உடைந்துவிட்டதா என்று ஒருத்தர் கேட்டார். தண்ணீர் என்றால் நனையுமே என்று இன்னொருத்தர் சொன்னார். ஒரு வீட்டில் குடத்தைக் கொண்டுவந்து முகந்து பார்த்தார்கள், முகந்தது குடத்தில் தங்கியது, மூடிவைத்து அன்றைக்குப் பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணின் அறையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

வெயில் தாழ்ந்ததும் அது வற்றிவிட்டது, ராத்திரி சிப்ட் வழக்கம்போலச் சத்தத்தோடு ஓடியது. மறுநாள் காலையில் தவமணி தானாகவே 'சும்மா'வை அழுத்தினாள், அது மறுபடி கசிந்து தெருவெல்லாம் கணுக்கால் அளவுக்கு நின்றது, அப்போதுதான் அதன் குணம் தெரியவந்தது. ராஜாமணி தன் மருமகளிடம் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்னாள், வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள், மறுபடியும் வரவில்லை. குழப்பத்தில் வாய்தவறி, "உன்ர ரசம் எப்பவும் நல்லாத்தான் இருக்குது" என்றாள், அது மட்டும் வெண்கல மணி அடித்த மாதிரி நாலு வீட்டுக்குக் கேட்டது, மருமகள் கரண்டியைக் கீழே போட்டாள்.

அந்த மௌனம் ஏற்கெனவே ஒருமுறை சொல்லப்பட்டதை மறுமுறை சொன்னால் விழுங்கிவிட்டது, புதிதாகச் சொன்னதை மட்டும் விட்டுவைத்தது. தறி சொன்னதையே சொல்லுகிற மிஷின், அதனால் தறி ஊமையானது. படி படி என்று பிள்ளைகளைத் துரத்துகிற தாய்மார்களும் ஊமையானார்கள், பிள்ளைகள் வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் என்று தாங்களாகவே புத்தகத்தை எடுத்தார்கள். டீக்கடையில் சர்க்கரை கம்மியாக ஒரு டீ என்பது எடுபடவில்லை, ஆகவே ஒவ்வொருவரும் யோசித்துச் சொல்லவேண்டி வந்தது, ஒருவர் ஆடி மாசக் காத்து மாதிரி ஒரு டீ என்று கேட்டார், ஒருவர் என் சின்ன மாமனார் குணத்தில் ஒரு டீ என்று கேட்டார், டீ மாஸ்டர் முதல் ஆளுக்கு இஞ்சி தட்டிப் போட்டும் இரண்டாவது ஆளுக்குச் சர்க்கரையே போடாமலும் கொடுத்தார், இரண்டு பேரும் திருப்தியாகக் குடித்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரிக்குச் சில நாள் மந்திரம் கேட்டது, சில நாள் கேட்கவில்லை. எண்ணம் எங்கோ இருக்க வாய் மட்டும் சொல்லுகிற நாளில்தான் கேட்காமல் போகிறது என்று கண்டுபிடித்து, அவர் நேரத்தோடு குளித்துவிட்டு வந்து இன்றைக்குத்தான் முதன்முதலில் சொல்வதைப் போலச் சொல்ல ஆரம்பித்தார். வார்டு கவுன்சிலர் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெரு முழுக்கச் சாக்கடை கட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டே போனார், ஒரு சொல்லும் யார் காதிலும் விழவில்லை, தெருக்கோடியில் மனசு நொந்து டிரைவரிடம், "இந்தத் தெருவுக்கு நாம ஒண்ணுமே செய்யலியேப்பா" என்றார், அது மைக்கில் தெளிவாக எல்லாருக்கும் கேட்டது. கைக்குழந்தைகளின் அழுகை மட்டும் எப்போதும் கேட்டது, ஒவ்வொரு தடவையும் அவை புதிதாகத்தான் அழுதன.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்லமுடியாது. தறிக்கூடம் வைத்திருக்கிறவரும் போனை எப்போதும் வலது காதிலேயே வைத்துப் பேசுகிறவருமான கண்டியப்பனுக்கு வெளியூர் வியாபாரிகள் போன் போட்டு, பின்னால் தறிச் சத்தமே கேட்கவில்லையே, ஸ்டிரைக்கா என்று கேட்டார்கள், தறி ஓடுதுங்க என்று முதலில் கேட்டவருக்குச் சொன்னது கேட்டது, அடுத்தவருக்குச் சொன்னது கேட்கவில்லை. மத்தியானம் கண் அசரலாம் என்று படுத்தால், பிறந்ததிலிருந்து தாலாட்டாகக் கேட்ட சத்தம் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. இலவச நாள் முடியட்டும், இந்தச் சனியனைத் தலைமுழுகவேண்டும் என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், அதுவும் முதல் ஆளுக்கு மட்டும்தான் கேட்டது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவர் சாக்கடைத் தண்ணீருக்காகச் சண்டை போட்டார்கள். அது வருஷக்கணக்காக நடக்கிற சண்டை, ஆகையால் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை, இருவரும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள், தெரு கூடி நின்று பார்த்தது. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அர்த்தனாரியும் நின்றான். இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வடக்கு வீட்டுக்காரரிடம், "அண்ணா, அவரு சாக்கடையப் பத்திச் சொல்லலீங்க. உங்க மவன் கல்யாணத்துக்குத் தன்னைக் கூப்புடலைன்னு சொல்றாருங்க" என்றான்.

தெற்கு வீட்டுக்காரர் வாயை மூடினார். அவர் அதை ஒவ்வொரு சண்டையிலும் கடைசியில் சொல்லி வந்திருக்கிறார், ஆனால் அந்த நேரத்தில் வடக்கு வீட்டுக்காரரும் கத்திக்கொண்டிருப்பார், இவர் சத்தமும் அவர் சத்தமும் தறிச் சத்தமும் சேர்ந்து அதை யாரும் கேட்டதில்லை. பத்திரிகை அடித்ததும் முதலில் உங்க பேரைத்தான் எழுதினேன், கொண்டுவந்து கொடுக்கச் சொன்ன மச்சினன் எங்கே தொலைத்தானோ என்று வடக்கு வீட்டுக்காரர் சொன்னார், அது புதிய செய்தி, அதனால் எல்லாருக்கும் கேட்டது. அன்று சாயங்காலம் இருவரும் சேர்ந்து சாக்கடைத் தண்ணீரைத் தள்ளிவிட்டார்கள்.

அதற்கப்புறம் தெருவில் சொல் எடுபடாதவர்களெல்லாம் அர்த்தனாரியைத் தேடி வந்தார்கள். அவன் உதட்டைப் பார்ப்பான், சொல்லுவான். எப்படிப்பா உனக்குத் தெரியுது என்று கேட்டால், தறி ஓட்டுகிறவனுக்கு இது தெரியாதா என்று சிரித்துவிட்டுப் போவான், அதுவும் நியாயம்தான், தறிக்கூடத்தில் எல்லாரும் கொஞ்சம் உதடு பார்ப்பார்கள். ஆனால் அவனைப்போல யாரும் பார்க்கவில்லை. சாந்தாமணிக்குப் பெருமையாகவும் இருந்தது, புரியாமலும் இருந்தது, இருபது வருஷத்துக்கு மேல் கூடக் குடித்தனம் பண்ணுகிறவனிடம் தனக்குத் தெரியாத ஒரு வித்தை இருப்பது எப்படி என்று நினைத்தாள்.

ஒருநாள் மத்தியானம் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவள் அவனுக்குப் பின்னால் அடுப்பிடம் நின்றாள். கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "இந்த வித்தைய எங்கீங்க கத்துக்கிட்டீங்க" என்று கேட்டாள், அவள் இதுவரை கேட்காத கேள்வி அது, அதனால் அவள் குரல் வீட்டுக்குள் சுத்தமாக ஒலித்தது, அடுக்கி வைத்த பாத்திரங்களில் பட்டுத் திரும்பியது. அவன் பதில் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

எத்தனையோ தடவை இப்படி நடந்திருக்கிறது. அப்போதெல்லாம் தறிச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று பாதி மனசு சொல்லும், கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறான் என்று மீதி மனசு சொல்லும், வருஷம் போகப்போக மீதி மனசு பெரிதாகிக்கொண்டே வந்திருந்தது. இன்றைக்குத் தறிச் சத்தம் இல்லை. பழி போட வேறு எதுவும் இல்லாத அந்த அமைதியில் அவள் அவன் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, சுற்றி வந்து, அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குக் காது கேக்குதுங்களா?"

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். "இல்ல சாந்தா" என்றான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். எப்போது போனது என்று அவனுக்கே தெரியாது, முதலில் குருவிச் சத்தம் போனது, அப்புறம் குக்கர் சத்தம், அப்புறம் ஒருநாள் தறிக்கு முன்னால் நிற்கும்போது தறி உடம்பில்தான் அதிர்கிறது, காதில் இல்லை என்று தெரிந்தது. சொன்னால் தறியைவிட்டு இறக்கிவிடுவார்கள் என்று பயந்தான். அதைவிட, ஒவ்வொரு பேச்சுக்கும் என்ன என்ன என்று கேட்டு நிற்கிற கிழவனாக அவள் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று வெட்கப்பட்டான். இந்தத் தெருவில் எல்லாரும் வாயைப் பெரிதாகத் திறந்து கத்துவதால் சமாளித்துவிட்டான், பார்க்கிற உதட்டுக்கு எல்லாம் பதில் சொல்லிவிட்டான், பின்னால் நின்று பேசினவர்களுக்கு மட்டும் சொல்லமுடியவில்லை.

"இப்ப நீங்கெல்லாம் புதுசாக் குடிவந்திருக்கிற ஊருல, நான் ரொம்ப வருசமாக் குடியிருக்கறேன்" என்றான்.

சாந்தாமணி முதலில் சிரித்தாள், அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், மூடினால் அவனுக்கு உதடு தெரியாது என்று நினைவு வந்து எடுத்துவிட்டாள். கல்யாணமான புதிதில் நடந்த ஒன்றைச் சொன்னாள். அவள் காங்கேயத்துப் பக்கம், கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவள், இங்கே வந்துதான் இத்தனை அகலத் தண்ணீரை முதல்முறை பார்த்தாள். ஒருநாள் படித்துறையில் அவன் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று, எனக்கு நீச்சல் சொல்லித் தருகிறீர்களா என்று கேட்டாள். அவன் திரும்பவே இல்லை. பொம்பளைக்கு நீச்சல் எதற்கு என்று நினைக்கிறான், அதைச் சொல்லக்கூடத் தகுதியில்லாத பேச்சு என்று நினைக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் எதையும் கேட்கவில்லை, எதுவாக இருந்தாலும் சரி என்று ஆகிவிட்டாள்.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அப்போதே பாதி போய்விட்டது என்றான். தறிக்காரனைக் கட்டிக்கொண்டோமே என்கிற சலிப்பில்தான் அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள் என்று தான் இத்தனை காலம் நினைத்திருந்ததாகவும் சொன்னான். அன்று அவன் வேலைக்குத் திரும்புவதற்கு வெகுநேரமாகிவிட்டது, கண்டியப்பன் ஏன் லேட் என்று அதட்டியது வழக்கமான அதட்டல் என்பதால் கேட்கவில்லை.

இலவச நாட்களின் கடைசி நாள், வெயில் தாழுமுன்னே, மௌனம் இன்னும் தரையில் நிற்கும்போதே குழுக் கட்டடத்தில் கூட்டம் கூடியது. பெண்கள் மட்டும் கூடவேண்டிய கூட்டத்துக்கு ஆண்களும் வந்துவிட்டார்கள், உள்ளே இடமில்லாமல் வாசலிலும் ஜன்னலிலும் நின்றார்கள். சும்மா இனிமேல் சும்மா கிடைக்காது, சந்தா கட்டினால்தான் என்று தவமணி அறிவித்தாள். சுலோச்சனா தன் முழங்காலுக்காகப் பேசினாள். ராஜாமணி, புலியிடம் மாட்டின ராஜகுமாரன் என்ன ஆனான் என்று தெரியாமல் தன்னால் இருக்கமுடியாது என்றாள். தவமணி, டாக்டரம்மா நேற்றுப் பார்த்ததில் தனக்குக் கொதிப்பு இறங்கியிருப்பதைச் சொன்னாள். கண்டியப்பன் எழுந்து, தறித்தெரு என்றால் தறிச் சத்தம் வேண்டாமா, அது இந்தத் தெருவின் நாடித்துடிப்பு, அதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால் நாளைக்கு யார் சோறு போடுவார்கள் என்று கேட்டார், அது புதிதாகவும் இருந்தது, நியாயமாகவும் பட்டது, பலர் தலையாட்டினார்கள். சும்மாவுக்குக் கை தூக்க இருந்தவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

சாந்தாமணி பின்வரிசையிலிருந்து எழுந்தாள். அவள் கூட்டத்தில் எழுந்து யாரும் பார்த்ததில்லை. "எனக்குச் சும்மாதான் வேணுங்க" என்றாள். வேணும் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்ட பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் என்று தவமணி கேட்டாள். அவள் வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள், பதில் சொல்லவில்லை, அது அவள் சொல்லவேண்டியதல்ல.

அர்த்தனாரி அவள் பார்த்ததைப் பார்த்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து டிவிக்கு முன்னால் நின்று, "எனக்குக் காது கேக்காதுங்க. தறியில போயிருச்சு. சாந்தாவத் தவிர யாருகிட்டயும் சொன்னதில்லீங்க" என்றான்.

அதற்கு முன்னால் அந்தத் தெருவில் யாரும் அதை நாலு பேர் நடுவில் சொன்னதில்லை, அதனால் அது கட்டடத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, டீக்கடை வரைக்கும் கேட்டது, டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் கை நடுவில் நின்றது.  பிறகு ஜன்னலோரம் நின்ற ஒரு தறிக்காரர், "எனக்குந்தானுங்க" என்றார். அதுவும் கேட்டது.

அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. கூட்டம் அமைதியாக இருந்தது, அந்த அமைதியில் அர்த்தனாரி மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான், பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது. தவமணி என்னப்பா என்று கேட்டாள். "அந்த அண்ணனும் அதையேதான் சொல்றாருங்க" என்று அவன் கை நீட்டிக் காட்டினான். "அந்தச் செவத்தோரம் நிக்கிறவரும். அவருக்குப் பின்னால இருக்கிறவரும். ராஜாமணியக்கா வீட்டு மாமாவும்." எனக்குந்தான் என்பது ஒருமுறை சொல்லப்பட்டுவிட்ட பேச்சு, ஆகவே மௌனம் மற்ற எல்லாருடையதையும் விழுங்கிக்கொண்டிருந்தது, கட்டடம் முழுக்க, வாசல் முழுக்க, ஜன்னல் முழுக்க உதடுகள் ஒரே சொல்லுக்கு அசைந்துகொண்டிருந்தன, அவன் ஒருவன்தான் அவற்றைக் கேட்டான். பெண்கள் திரும்பித் தங்கள் தங்கள் புருஷன் வாயைப் பார்த்தார்கள். பலருக்கும் பின்னால் நின்று கேட்ட பழைய கேள்விகள் ஞாபகத்துக்கு வந்திருக்கவேண்டும், சிலர் அழுதார்கள், ராஜாமணி மட்டும் புருஷன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு அப்புறம் அழுதாள்.

கடைசியாக அர்த்தனாரியின் பார்வை கண்டியப்பனிடம் போய் நின்றது. அவர் உதடும் அசைந்திருந்தது, கை போன் வைக்காத இடது காதைத் தொட்டிருந்தது. அர்த்தனாரி அதைச் சொல்லவில்லை. கண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டு, பிறகு தானே கையைத் தூக்கினார், அவர் தூக்கியது கணக்கில் சேருமா என்று யாரும் கேட்கவில்லை, அவருக்குப் பின்னால் எல்லாக் கைகளும் ஏறின.

அப்படித்தான் பாவடித் தெரு சும்மாவுக்குச் சந்தா கட்டியது. நாள் முழுக்க வேண்டாம், காலை சிப்ட் முடிகிற வரைக்கும் போதும் என்று கண்டியப்பன் கேட்டுக்கொண்டார், வியாபாரிகள் போன் போடுகிற நேரத்துக்குச் சத்தம் திரும்பிவிட்டது. சுலோச்சனா ஆப் இல்லாமலே பெண்களை வரிசையாக நிறுத்தி வளைக்கிறாள், நாயைக் கண்டுபிடிக்கச் சொல்லும்போது எல்லாரும் ஒழுங்காகக் குனிகிறார்கள். ராஜாமணி, ராஜகுமாரன் கதையின் மிச்சத்தைத் தானே கட்டிச் சொல்கிறாள், மௌனத்துக்குள் சொல்வதால் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டவேண்டியிருக்கிறது, அந்தப் புலி இப்போது அரண்மனையில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. டாக்டரம்மா மறுபடி வந்து இந்தத் தடவை ஆண்களை வரிசையில் உட்காரவைத்துக் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், எல்லாத் தறிக்கூடத்துக்கும் காதடைப்பான் வந்தது, அர்த்தனாரிக்கு ஒரு காதுக்கு மிஷின் பொருத்தினால் கொஞ்சம் கேட்கும் என்று பொருத்தினார்கள். அவனுக்கு முதலில் கேட்டது குக்கர் சத்தம், அது இவ்வளவு மோசமான சத்தம் என்பதை மறந்தே போயிருந்ததாகச் சொன்னான்.

தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊருக்கு மேற்கே தண்ணீர் தெளிவாக வரும் படித்துறைக்கு இரண்டு பேரும் போனார்கள். அர்த்தனாரி காது மிஷினைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கல்மேல் வைத்தான். சாந்தாமணி நைட்டிக்கு மேல் இன்னொரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு சாமி பேராகச் சொல்லிக்கொண்டு இறங்கினாள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், ஒருத்தி, தலையை நல்லாப் பின்னால சாச்சுக்கோ அக்கா என்று யோசனையும் சொன்னாள். அவன் அவள் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து மல்லாக்கப் படுக்கவைத்தான், அவள் முதலில் மூழ்கினாள், இருமினாள், அவனைப் பிடித்து இழுத்து அவனையும் முழுக்கினாள், திரும்பவும் படுத்தாள், வெயில் ஏறுகிற நேரத்துக்கு அவள் உடம்பு இறுக்கத்தை விட்டு ஒரு இலை மாதிரி மேலே நின்றது.

காது இரண்டும் தண்ணீருக்குள் போயிருந்தன. துவைக்கிற சத்தம் நின்றுவிட்டது, தூரத்துப் பாலத்தில் பஸ் போனது, அதற்குச் சத்தம் இல்லை, ஒரு கொக்கு தலைக்கு மேல் போனது. அவள் அப்படியே வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அவள் தலைக்குப் பின்னால் நின்ற அர்த்தனாரி என்னவோ கேட்டான். அவளுக்குக் கேட்கவில்லை. பதில் வரவில்லை என்று அவன் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு மார்பளவுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மெதுவாகச் சுற்றி நடந்து, அவள் கண்ணுக்கு நேரே முகம் தெரிகிற இடத்துக்கு வந்து குனிந்து, உதட்டை நிதானமாகத் திறந்து மறுபடியும் கேட்டான்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரலாமா?"

வரலாம் என்றாள் சாந்தாமணி.